நட்சத்திரம் பிறந்த கதை: இன்றும் காணத்தக்கதா?

குழந்தை பிறந்தது என்று கேட்டவுடனே, அஃது எந்த நட்சத்திரத்தில் பிறந்தது என்று வினவுவது நம்மவர் வழக்கம். அவ்வழக்கத்தால் விளைந்த தீமைகளைப் பற்றி எழுத இஃது இடமன்று. ஆனால் ஹாலிவுட் என்னும் படத்தொழில் நகரில் ஒரு காலத்தில் இவ்வழக்கம் தலைகீழாய் நடைபெற்றது. அங்கே மனிதர் நட்சத்திரத்தில் பிறக்கவில்லை. மனிதரைக் கொண்டு நட்சத்திரம் செய்யப்பட்டது. அதன் பெயர், முகம், நடை, பேச்சு, புன்னகை, பிறந்த ஊரின் பெருமை ஆகிய அனைத்தையும் முதலாளியும் அவருடைய விளம்பர அதிகாரியும் ஓர் அறையில் அமர்ந்து நிர்ணயித்தனர். இந்தத் தொழிலைப் பற்றி அத்தொழிலாளரே எடுத்த படம் ஒன்றுண்டு. அதைக் குறித்தே இன்று சில சொல்லப் புகுந்தோம்.

நம் தமையனார் மகள் ஒருத்தி 2018-ம் ஆண்டில் வெளிவந்த 'எ ஸ்டார் இஸ் பார்ன்' என்னும் படத்தை இருமுறை பார்த்தவள். அதே பெயரில் 1937-ம் ஆண்டிலேயே ஒரு படம் வந்துளது என்றும், அதுவே மூலம் என்றும் நாம் ஒருநாள் சொன்னோம். "புதியது இருக்கப் பழையதைப் பார்ப்பானேன், சிற்றப்பா? அதில் அழுகையும் உபதேசமுந்தானே இருக்கும்?" என்றாள். கேள்வி நியாயமானதே. பழையது என்னும் ஒரே காரணத்தால் எதையும் போற்றுதல் அறிவுடைமையாகாது; பழையது என்னும் ஒரே காரணத்தால் தள்ளுதலும் அத்தகையதே. ஆகவே இருவரும் சேர்ந்து அப்படத்தை மீண்டும் பார்த்தோம். நாம் அதை முதன்முறை கண்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்று அதன் இறுதி வாக்கியத்தைக் கேட்டுக் கண்ணீர் விட்டோம். அதன்பின் எத்தனையோ நண்பரிடம் அவ்வாக்கியத்தை எடுத்துக்கூறிப் புகழ்ந்தும் உள்ளோம். இம்முறை அவ்விடம் வந்தபோது நம் பக்கத்தில் இருந்த அப்பெண் கேட்ட ஒரு கேள்வி நம் பழைய தீர்ப்பைக் குலைத்துவிட்டது. அஃது என்ன என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

படத்தின் பூர்வோத்தரம்

1937-ம் ஆண்டுப் படத்தைத் தயாரித்தவர் டேவிட் செல்ஸ்னிக். டைரக்டர் வில்லியம் வெல்மன். கதையை வெல்மனும் ராபர்ட் கார்ஸனும் அமைத்தனர். வசனத்தைக் கார்ஸனுடன் டாரதி பார்க்கரும் அவர் கணவர் ஆலன் காம்பெலும் எழுதினர். எஸ்தராக ஜேனட் கேய்னரும், நார்மன் மேய்னாக பிரெடரிக் மார்ச்சும் நடித்தனர். கேய்னர் அமெரிக்கப் படக்கலைக் கழகம் முதன்முதலாகப் பரிசு வழங்கிய ஆண்டில் சிறந்த நடிகைக்கான பரிசைப் பெற்றவர். மூன்று வர்ணச் சுருள்களைக் கொண்டு எடுக்கும் டெக்னிகலர் முறையில் முழுநீளக் கதைப்படம் முதன்முதல் வந்தது 1935-ம் ஆண்டில்; இப்படம் அதற்கு இரண்டே ஆண்டு பிற்பட்டது. மூலக்கதைக்காக ஆஸ்கார் பரிசும், வர்ண ஒளிப்பதிவுக்காக ஹோவர்டு கிரீனுக்குத் தனிச் சிறப்பும் கிடைத்தன.

கதைக்கு இதனினும் முந்திய வேர் உண்டு. 1932-ம் ஆண்டில் இதே செல்ஸ்னிக் தயாரிக்க, ஜார்ஜ் குக்கர் டைரக்ட் செய்த 'வாட் பிரைஸ் ஹாலிவுட்' என்னும் படத்தில், உணவு விடுதிப் பணிப்பெண் ஒருத்தி குடிகாரனான ஒரு டைரக்டரால் நட்சத்திரமாக உயர்த்தப்படுகிறாள். அவனோ வீழ்ந்து தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான். அதே குக்கர் 1954-ம் ஆண்டில் ஜூடி கார்லண்டையும் ஜேம்ஸ் மேஸனையும் கொண்டு 'எ ஸ்டார் இஸ் பார்ன்' கதையை இசையோடு மீண்டும் எடுத்தார். பார்பரா ஸ்டிரைசாண்டும் கிரிஸ் கிறிஸ்டாபர்ஸனும் நடித்த படம் 1976-ல் வந்தது. பிராட்லி கூப்பரும் லேடி காகாவும் நடித்தது 2018-ல் வந்தது. இவ்விரண்டும் கதையைப் படத்தொழிலினின்று பாட்டுலகத்திற்கு மாற்றிவிட்டன. ஒரு தொழில் தன்னைப் பற்றிய ஒரே கதையைத் தலைமுறைக்கு ஒருமுறை எடுத்து எடுத்துச் சொல்லுமாயின், அதன் நெஞ்சில் ஏதோ ஒரு முள் தைத்திருத்தல் வேண்டும். அம்முள் யாது என்பதை அறிய 1937-ம் ஆண்டுப் படமே தக்கது என்பது நம் கருத்து.

கதைச் சுருக்கம்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாகாணத்தில் பனி மூடிய ஒரு பண்ணை வீடு. அங்கே வளர்ந்த எஸ்தர் பிளாஜெட் என்னும் பெண்ணுக்குச் சினிமாவில் நடிக்க ஆசை. வீட்டார் ஏளனம் செய்கின்றனர். பாட்டி ஒருத்தி மட்டும் தன் சேமிப்புப் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். ஹாலிவுட்டுக்குச் சென்ற எஸ்தர் வேலையின்றி வாடுகிறாள். ஒரு விருந்தில் தட்டேந்தும் பணிப்பெண்ணாய்ச் சென்ற இடத்தில், புகழ்பெற்ற நடிகனாகிய நார்மன் மேய்ன் அவளைக் காண்கிறான். அவன் முயற்சியால் அவளுக்குப் பரீட்சைப் படம் எடுக்கப்படுகிறது, ஒப்பந்தமும் கிடைக்கிறது. அவள் விக்கி லெஸ்டர் ஆகிறாள். இருவரும் சேர்ந்து நடித்த படத்தை முன்னோட்டமாகப் பார்த்த பொதுமக்கள் அவளைக் கொண்டாடுகின்றனர், அவனை மறந்துவிடுகின்றனர். இருவரும் மணம் புரிகின்றனர். அவள் ஏற ஏற, அவன் இறங்குகிறான். குடி அவனை விழுங்குகிறது. தனக்காக அவள் நடிப்பையே துறக்க எண்ணுவதைத் தற்செயலாய்க் கேட்ட நார்மன், அந்தி வேளையில் கடலுள் இறங்கி உயிர்விடுகிறான். துயரத்தால் ஊர் திரும்பத் துணிந்த எஸ்தரைப் பாட்டி வந்து தடுத்து நிறுத்துகிறாள். படக்கொட்டகை வாயிலில் ஒலிபெருக்கியின் முன் நின்று அவள் ஒரு வாக்கியம் சொல்கிறாள். படம் முடிகிறது.

ஊமைப்பட நடிகர் ஜான் பவர்ஸ் என்பவர் 1936-ம் ஆண்டு நவம்பர் மாதம் கடலில் மாண்டார். நார்மனின் முடிவுக்கு அவர் முடிவே மூலம் என்று பலரும் சொல்வர். பேசும்படம் வந்த பின்னர் வீழ்ந்துபட்ட ஊமைப்பட நட்சத்திரங்கள் பலர். எனவே இக்கதையைக் கண்ட ஹாலிவுட்வாசிகளுக்கு அது கற்பனையாகத் தோன்றியிராது.

படத்தின் குணங்கள்

இப்படத்தின் பெருங்குணம் அதன் காதல் அன்று. காதலை இதனினும் நன்றாய்க் காட்டிய படங்கள் பல. தொழிற்சாலையின் உள்ளே நம்மை அழைத்துச் சென்று, சரக்கு எவ்வாறு செய்யப்படுகிறது என்று காட்டுவதே இதன் பெருங்குணம்.

முதலில் எஸ்தர் வேலை தேடிச் செல்லும் காட்சியைக் காண்க. துணை நடிகர்களைப் பதிவு செய்து கம்பெனிகளுக்கு அனுப்புவதற்காகச் 'சென்ட்ரல் காஸ்டிங்' என்னும் நிலையம் 1925-ம் ஆண்டில் ஏற்பட்டது. எஸ்தர் அங்குச் செல்கிறாள். வேலை கேட்டு இடைவிடாது வந்துகொண்டிருக்கும் டெலிபோன் அழைப்புகளை அங்குள்ள மாது அவளுக்குக் காட்டுகிறாள். நூறாயிரத்தில் ஒருவருக்கே வாய்ப்பு என்று பரிவோடு சொல்கிறாள். அந்த ஒருத்தி நானாக இருக்கலாமே என்பது எஸ்தரின் மறுமொழி. பெண்ணின் துணிவைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் அந்த அழைப்புகள் ஒவ்வொன்றின் மறுமுனையிலும் இதே மறுமொழியைச் சொல்லும் ஒருவர் இருக்கிறார் என்பதையும் அக்காட்சி நம்மை உணர வைக்கிறது. அந்த மாது கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பரிவே நம் நெஞ்சை அதிகம் சுடுகிறது.

அடுத்து, பெயர் சூட்டும் காட்சி. முதலாளி ஆலிவர் நைல்ஸும் விளம்பர அதிகாரி லிப்பியும் எஸ்தரை வைத்துக்கொண்டே அவள் பெயரைப் பிரித்துச் சேர்க்கின்றனர். விக்டோரியா என்னும் நடுப்பெயர் விக்கி ஆகிறது. எஸ்தர் என்பது லெஸ்டர் ஆகிறது. ஒப்பனைக்காரர்கள் அவள் புருவத்தையும் வாயையும் பற்றிச் சந்தையில் மாட்டைச் சுற்றி நின்று பேசுவார் போலப் பேசுகின்றனர். நடக்கவும் பேசவும் அவளுக்குப் புதிதாய்க் கற்பிக்கின்றனர். இவை யாவும் சிரிப்பூட்டும் வகையில் எடுக்கப்பட்டிருக்கின்றன. சிரித்து முடித்த பின்னரே, ஒரு பெண்ணிடமிருந்து அவள் பெயர் பறிக்கப்பட்டதை நாம் உணர்கிறோம்.

இது படத்தில் மட்டும் நடந்ததன்று. எஸ்தராக நடித்த ஜேனட் கேய்னரின் இயற்பெயர் லாரா கெய்னர். நார்மனாக நடித்த பிரெடரிக் மார்ச்சின் குடிப்பெயர் பிக்கெல். 1954-ம் ஆண்டுப் படத்தின் ஜூடி கார்லண்ட் பிறப்பில் பிரான்சிஸ் கம். ஜோன் கிராபோர்டு என்னும் பெயரோ, 1925-ம் ஆண்டில் ஒரு சினிமாப் பத்திரிகை வைத்த போட்டியில் வாசகர் அனுப்பியவற்றினின்று பொறுக்கப்பட்டது. அவர் பெற்றோர் இட்ட பெயர் லூசில் லசூர். அங்காடியில் புதுச் சோப்புக்குப் பெயர் வைப்பது போல ஒரு பெண்ணுக்குப் பெயர் வைத்த காலம் அது.

மூன்றாவது, நார்மன் வீட்டில் இருக்கும் காட்சி. வேலையற்ற நடிகன் மனைவியின் வரவை நோக்கிக் காத்திருக்கிறான். பொருள் கொண்டுவந்த ஆள் ஒருவன் அவனை 'மிஸ்டர் லெஸ்டர்' என்று அழைக்கிறான். ஒரே சொல், ஆனால் கத்தி. மனைவி பேரால் கணவன் அழைக்கப்பட்டான் என்பதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. கணவன் பேரால் மனைவி அழைக்கப்படுவதை உலகம் என்றும் வருத்தமாக எண்ணியதில்லையே. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. லெஸ்டர் என்பது அவளுடைய பெயரே அன்று. அது கம்பெனியின் முத்திரை. அந்த முத்திரை இப்பொழுது அவன் வீட்டு வாயிலிலும் குத்தப்பட்டுவிட்டது. அவன் பிழைப்பைப் பறித்த அதே யந்திரம் அவன் பெயரையும் பறித்துக்கொண்டது.

நடிப்பைப் பற்றி இரண்டொரு சொல். விக்கிக்குப் பரிசளிக்கும் விருந்தில் நார்மன் குடித்துவிட்டு வந்து, மிக மோசமான நடிப்புக்கும் பரிசு வேண்டும் என்று பிதற்றி, கையை வீசும்போது அறியாமல் மனைவியின் முகத்தில் அறைந்துவிடுகிறான். மார்ச் அவ்விடத்தில் கதறவில்லை. நம் இரக்கத்தைக் கேட்டுக் கை நீட்டவும் இல்லை. தான் செய்தது யாது என்று உணர்ந்த மனிதனின் கண்களை மட்டும் காட்டுகிறார். கேய்னரோ, தட்டேந்திய விருந்தில் பிற நடிகையரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தவர், பிற்பாதியில் மௌனத்தாலேயே நடிக்கிறார். டைரக்டரின் அடக்கமும் போற்றத்தக்கது. முதல்நாள் பிரியும்பொழுது, உன்னை இன்னும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று நார்மன் விளையாட்டாய்ச் சொல்கிறான். கடலை நோக்கிச் செல்லுமுன் அதையே மறுபடியும் சொல்கிறான். அவளுக்கு அதன் பொருள் தெரியாது, நமக்குத் தெரியும். நீரில் மூழ்கும் உடலை டைரக்டர் காட்டவில்லை. செவ்வானமும் கடலுமே நம்முன் நிற்கின்றன. இக்காலப் படங்கள் எதையும் காட்டக் கூசாதனவாயினும், காட்டாது விடுவதால் வரும் வலிமையை இவ்விடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

படத்தின் குற்றங்கள்

குணம் கூறியபின் குற்றம் கூறாது விடுதல் விமர்சகனின் கடமை தவறுவதாகும்.

முதற் குற்றம், முதலாளியைப் பற்றியது. ஆலிவர் நைல்ஸ் இப்படத்தில் ஒரு தருமவான். நார்மனின் வீழ்ச்சிக்கு வருந்துகிறான். குடிநோய் தீர அவன் தங்கியிருக்கும் மருத்துவ விடுதிக்கே சென்று கண்டு, சிறு வேடமேனும் தருவதாய்ச் சொல்கிறான். கொடுமை அனைத்தும் லிப்பி என்னும் விளம்பர அதிகாரியின் தலையில் ஏற்றப்பட்டிருக்கின்றன. குதிரைப் பந்தய மைதானத்தில் நார்மனை இழிவாய்ப் பேசி அடித்து வீழ்த்துபவன் லிப்பி. அவன் இறந்த பின்னும் அச்சாவைப் பற்றி நையாண்டி பேசுபவன் லிப்பி. ஆனால் லிப்பிக்குச் சம்பளம் கொடுத்தவன் யார்? நார்மனின் குடியை இத்தனை ஆண்டு பத்திரிகைகளினின்று மறைக்கச் சொன்னவன் யார்? அவன் படங்களுக்கு வசூல் குறைந்ததும் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டவன் யார்? எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? படத்தைத் தயாரித்தவர் ஒரு முதலாளி என்பதை நினைத்தால் இக்குற்றத்தின் காரணம் விளங்கும்.

அக்கால ஒப்பந்தங்களின் தன்மையைப் பற்றியும் படம் வாய் திறக்கவில்லை. நடிகரை ஏழாண்டு வரை கட்டிவைக்கும் ஒப்பந்தம் அங்கே வழக்கம். இடையில் வேண்டாமென்று விடும் உரிமை கம்பெனிக்கு மட்டுமே உண்டு. கொடுத்த வேடத்தை நடிகர் மறுத்தால் சம்பளமின்றி நிறுத்தி வைத்து, நிறுத்திய நாட்களை ஒப்பந்தக் காலத்தோடு கூட்டிவிடுவர். ஒலிவியா டி ஹாவிலண்ட் என்னும் நடிகை இதை எதிர்த்து வார்னர் கம்பெனியின்மீது வழக்காடினார். ஏழாண்டு என்பது நாட்காட்டியின்படி ஏழாண்டே, அதற்கு மேல் ஒருநாளும் கட்டிவைத்தலாகாது என்று கலிபோர்னியா மேல்முறையீட்டு மன்றம் 1944-ம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. விக்கி லெஸ்டர் ஒப்பந்தம் பெற்ற மகிழ்ச்சியில் துள்ளும்பொழுது, பார்ப்போர் இதனையும் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

இரண்டாவது குற்றம், குடியைப் பற்றியது. நார்மனை நாம் முதன்முதல் காணும்போதே அவன் குடிவெறியில் இருக்கிறான். ஏன் குடிக்கிறான் என்று படம் கேட்கவே இல்லை. குடி ஒரு மனிதனை எவ்வாறு நாசமாக்கும் என்பதை இப்படம் ஒளிக்காது காட்டுவது உண்மை, அதற்காகப் பாராட்டுவோம். ஆனால் குடியைத் தனிமனிதன் ஒருவனின் பலவீனமாக மட்டும் காட்டிவிட்டு, அவனைச் சுற்றியிருந்த தொழில் அவன் குடித்தும் காசு தந்தவரை பொறுத்திருந்து, காசு நின்றதும் ஒழுக்கம் பேசத் தொடங்கியதைக் கண்டிக்காது விடுவது பாதி உண்மையே ஆகும்.

மூன்றாவது குற்றம், பாட்டியின் உபதேசம். காட்டையும் பனியையும் வென்று குடியேறிய முன்னோரின் துன்பத்தை எடுத்துக்காட்டி, புகழுக்கு விலை உள்ளமுடைதலே என்றும், அவ்விலையைக் கொடுத்தவள் ஓடிப்போகலாகாது என்றும் அவள் பேத்திக்குச் சொல்கிறாள். மே ராப்ஸன் அம்மையாரின் நடிப்பால் இக்காட்சி உருக்கமாய் அமைந்துவிடுகிறது. ஆயினும் உவமை பொருந்தவில்லை. காடு வெட்டிக் குடியேறியவர் தம் நிலத்தில் தாமே உழுதனர். எஸ்தர் உழுவதோ பிறர் நிலம், விளைச்சலும் பிறர்க்கே. கொடுத்த விலை மட்டும் அவளுடையது. நம் தமையனார் மகள் அஞ்சிய உபதேசம் இதுதான்; அந்த அச்சம் வீணன்று என்று ஒப்புக்கொண்டோம்.

கூட்டத்தின் பங்கு

இத்தனை குற்றமிருந்தும் இப்படத்தைத் தள்ளிவிட நமக்கு மனம் வராமைக்குக் காரணம் ஒரே ஒரு காட்சி. நார்மனின் இறுதிச் சடங்கு முடிந்து எஸ்தர் தேவாலயத்தினின்று வெளியே வருகிறாள். வாயிலில் ரசிகர் கூட்டம் முண்டியடிக்கிறது. ஒருத்தி கை நீட்டி அவள் முகத்தை மூடியிருந்த கறுப்புத் திரையை இழுத்துப் பறிக்கிறாள். எஸ்தர் அலறுகிறாள். இங்கே முதலாளி இல்லை, லிப்பி இல்லை, ஒப்பந்தம் இல்லை. டிக்கட் வாங்கிப் படம் பார்த்த மக்கள் மட்டுமே இருக்கின்றனர். காசு கொடுத்து முகத்தைப் பார்த்தவருக்கு அம்முகத்தின் துக்கமும் தமக்கே உரியதென்று தோன்றிவிடுகிறது.

சில நிமிஷங்களுக்குப் பின் இதே கூட்டம் படக்கொட்டகை வாயிலில் நின்று அவளை வாழ்த்திக் கைதட்டுகிறது. அக்கைதட்டலைக் கேட்டு மகிழும் நாமும் அக்கூட்டத்தில் ஒருவரே. டைரக்டர் இதை வேண்டுமென்று செய்தாரோ அல்லவோ, செய்தி நம்மை வந்து தாக்குகிறது. நடிகரின் மணமும் முறிவும் மரணமும் கைக்கருவியின் திரையில் நிமிஷத்துக்கு நிமிஷம் பரிமாறப்படும் இந்நாளில், திரையைப் பறித்த அந்தக் கை யாருடையது என்று நம்மில் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளுதல் தகும். நம் தமிழ் மக்களும் இதற்கு விலக்கல்லர் என்பதை வாசகர் அறிவர்.

இறுதி வாக்கியம்

இப்பொழுது அந்த இறுதி வாக்கியத்திற்கு வருவோம். ஹாலிவுட்டில் கிராமனின் சீனக் கொட்டகை என்று பேர்பெற்ற படக்கொட்டகையின் முற்றத்தில் நட்சத்திரங்களின் காலடிகளும் கையெழுத்துகளும் சிமெண்டில் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஊரிலிருந்து வந்த புதிதில் எஸ்தர் நார்மனின் காலடித் தடத்தில் தன் பாதத்தை வைத்துப் பார்த்தவள். இன்று அதே தடத்தைக் கண்டு ஒரு கணம் தளர்கிறாள். பிறகு நிமிர்ந்து, ஒலிபெருக்கியின் முன் நின்று, தன்னை 'மிஸஸ் நார்மன் மேய்ன்' என்று உலகுக்கு அறிவிக்கிறாள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நாம் கண்ணீர் விட்ட இடம் இது. மறக்கப்பட்டவனை மறவாதவள் ஒருத்தி, புகழின் உச்சியில் நின்று அவன் பெயரை ஊரறியச் சொன்னாள் என்று பூரித்தோம். இம்முறை நம் பக்கத்தில் இருந்தவள் திரையைப் பார்த்தபடியே, "எஸ்தர் என்று சொன்னால் என்ன, சிற்றப்பா?" என்று கேட்டாள். நம்மிடம் விடை இல்லை.

யோசிக்க யோசிக்க அக்கேள்வியின் ஆழம் விளங்கிற்று. படம் முழுவதும் பெயரைப் பற்றிய வழக்கே நடைபெற்றிருக்கிறது. பண்ணையில் எஸ்தர் பிளாஜெட். கம்பெனியில் விக்கி லெஸ்டர். கணவனோ வாயிலில் மிஸ்டர் லெஸ்டர். இருவரும் விளம்பர அதிகாரிக்குத் தெரியாமல் ஒரு சிற்றூரில் மணந்துகொண்டபோது, நார்மனின் உண்மைப் பெயர் ஆல்பிரெட் ஹிங்கெல் என்று நாம் அறிகிறோம். அந்த மணத்தில் மட்டும், ஒரே ஒரு முறை, இருவரும் தத்தம் சொந்தப் பெயரோடு ஒருவர் முன் ஒருவர் நின்றனர். அப்படியானால் நார்மன் மேய்ன் என்பதும் கம்பெனிச் சரக்கே அன்றோ? இறுதியில் அவள் விக்கி லெஸ்டர் என்னும் பொய்ப்பெயரைத் துறந்தாள். ஆனால் பற்றிக்கொண்டது இன்னொரு பொய்ப்பெயரை. எஸ்தர் பிளாஜெட் என்பவளையும் ஆல்பிரெட் ஹிங்கெல் என்பவனையும் கைதட்டிய கூட்டத்தில் எவரும் அறியார். பெண்ணொருத்தி தன்பேர் மறைந்து கணவன் பேரால் நிற்பதை ஒருபுறம் கண்டிப்போம். அக்கணவன் பேரும் அவனுடையதன்று என்பதே நம்மைத் திகைக்கச் செய்கிறது. யந்திரம் இருவரையும் வென்றுவிட்டது. படமோ அதை வெற்றி முழக்கமாக எண்ணி முடிகிறது.

பிற்காலத்தார் இதை ஒருவாறு உணர்ந்தனர் போலும். 1954-ம் ஆண்டுப் படத்திலும் அதே வாக்கியமே வருகிறது. 1976-ல் கதாநாயகி எஸ்தர் என்னும் தன் பெயரையும், தன் குடிப்பெயரையும், கணவன் குடிப்பெயரையும் ஒருங்கே பூண்டு மேடைக்கு வருகிறாள். 2018-ல் தன் பெயரோடு கணவன் குடிப்பெயர் சேர்ந்து நிற்கிறது. ஒரு பெண் தன் பெயரோடு மேடையில் நிற்பதற்கு முதற் படத்தினின்று 39 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பொழுதும் துணைப்பெயர் இன்றி அவள் நிற்கவில்லை. நான்கு படங்களையும் வரிசையாய்ப் பார்ப்பவருக்கு இந்த ஒரு வாக்கியத்தின் மாறுதலே ஒரு சரித்திரமாகும். ஆனால் அச்சரித்திரத்தின் முதல் ஏட்டைப் படியாதவருக்கு மற்றவை விளங்கா.

நம் முடிவு

ஆகவே, இப்படம் இன்றும் காணத்தக்கதா என்னும் வினாவுக்கு நம் விடை: காணத்தக்கதே. அழுவதற்காகக் காண வேண்டாம். அழுகையை வரவழைக்கும் ஆற்றல் அதற்கு இன்றும் உண்டு. அதனாலேயே விழிப்போடு காண வேண்டும் என்கிறோம். நட்சத்திரம் என்னும் சரக்கு செய்யப்படும் முறையை, செய்தவரே, தம்மையறியாமல் பாதியும் அறிந்து பாதியுமாக ஒப்புக்கொண்ட வாக்குமூலம் இது. முதலாளியைக் காப்பாற்ற முயன்றும் படத்தால் உண்மையை முழுதும் மறைக்க இயலவில்லை. புதிய படங்களில் பாட்டு இனிமை மிகுதி. ஒளியும் ஒலியும் மேம்பட்டவை. ஆனால் தொழிற்சாலைக் கதவு இவ்வளவு அகலமாய் அவற்றில் திறக்கப்படவில்லை.

காண விழைவோர்க்கு ஓர் எச்சரிக்கை. இப்படத்தின் உரிமை அமெரிக்காவில் உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாமையால், கண்டவரெல்லாம் பிரதி எடுத்து விற்றனர். நிறம் வெளுத்து, குரல் மங்கி, பழுப்பேறிய பிரதிகள் எங்கும் உலவுகின்றன. அவற்றைக் கண்டு படத்தின் மதிப்பை அளவிடுதல், கிழிந்த ஏட்டைக் கொண்டு நூலை அளவிடுதல் போலாகும். மூலச் சுருளினின்று செப்பனிட்ட பிரதியைத் தேடிப் பார்க்க. அந்திக் கடலின் செம்மையும், விருந்து மண்டபத்தின் மங்கிய ஒளியும் அப்பொழுதே தெரியும். நம் தமையனார் மகளும் முடிவில் ஒன்று சொன்னாள்: புதியதை மறுபடியும் பார்க்க வேண்டும், அதில் எவரெவருக்கு யார் பெயர் வைத்தார் என்று கவனிக்கவில்லை என்றாள். ஒரு பழைய படம் ஒருவருக்கு இதனினும் வேறு என்ன உதவி செய்யக்கூடும்?

நாம் முப்பது ஆண்டு சொல்லிவந்த புகழுரையை இன்று திருத்திக்கொள்கிறோம். அவ்வாக்கியம் காதலின் வெற்றி என்று இனி எவரிடமும் கூறோம். வாசகர் இப்படத்தைக் காணுங்கால், கொட்டகை வாயிலில் ஒலிபெருக்கி ஒலித்துக் கூட்டம் கைதட்டும் அந்த இடத்தில், தாமும் சேர்ந்து கைதட்டிவிடாமல், எஸ்தர் பிளாஜெட் என்னும் பெயரைத் தம் மனத்திலேனும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாராக.